சேவுகன் செருகிய மஞ்சள் துண்டு

சேவுகன் செருகி வைத்த அடையாளத் துண்டை ஒருமுறை இடம் மாற்றியவன் நான். அவன் வாழ்க்கை அதனால்தான் கெட்டது. இதைப் படிக்கிற உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், காரைக்குடியில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் முதற்கட்டில் எங்கள் கட்டுமான அலுவலகம் நடந்தது. நாங்கள் இருவரும் கம்ப்யூட்டருக்கான கட்டளைகளைத் துளை அட்டைகளில் அடித்தோம். ஒரு வரிக்கு ஓர் அட்டை. மூல அட்டைக் கட்டு எங்கள் மேசையின் இழுப்புத் தட்டிலேயே இருக்கும். நகல் மட்டும் சென்னைக்கு பஸ் ஏறும். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது.

எங்கள் இயந்திரத்தில் மை நாடா கிடையாது. அட்டையில் எழுத்து விழாது, ஓட்டை மட்டும்தான். அதைப் படித்து இடம் கண்டுபிடிக்க அரை நாள் போய்விடும். சேவுகன் பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கி வைத்திருந்தான். மறுநாள் திருத்த வேண்டிய இடத்தில், ஓரத்தில் மஞ்சள் தடவிய ஒரு துண்டைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போவான். காலையில் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்புவான். சென்னையிலிருந்து விடை வரும்வரை அதை எடுக்க மாட்டான்.

நிரந்தர வேலை ஒருவருக்குத்தான் என்றார்கள். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்... எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாலை அவன் போனதும் துண்டை உருவி வேறிடத்தில் செருகினேன். மறுநாள் அவன் அங்கேயே புது அட்டைகளைப் போட்டு நகலை அனுப்பினான்.

சென்னையிலிருந்து வந்த விடை வெறும் குப்பை. மேலாளர் தட்டைத் திறக்கச் சொன்னார். துண்டு சரியான இடத்தில் நின்றது. புது அட்டைகள் வேறெங்கோ இருந்தன.

"துண்டு இங்குட்டு இருக்கு. அட்டைய ஏன்யா அங்குட்டுப் போட்ட?"

சேவுகன் என்னைப் பார்த்தான். "அண்ணே, நீக பாத்தீகளா? துண்டு இருந்த எடத்துலதானே மாத்துனேன்?"

"கவனிக்கல தம்பி" என்றேன்.

வேலை எனக்கு வந்தது. அவன் சொந்த ஊரான நேமத்தான்பட்டிக்கே போய்விட்டான். அங்கே கதவிடுக்கு, பானை மூடி என்று கண்ட இடமெல்லாம் துண்டு செருகுகிறான், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறான் என்று அவன் அக்காள் வந்து அழுதார். "தன் கண்ணையே நம்ப மாட்டேங்கிறான். நீக வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் போகவில்லை. அவன் செத்த பிறகு துட்டிக்குத்தான் போனேன்.

மறுநாள் பட்டப்பகலில் என் தட்டில் ஒரு துண்டு நின்றது. மஞ்சள் ஈரமாக இருந்தது! அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். நான் பிழையாக அடித்திருந்தேன்.

அதன்பிறகு எப்போது பிழை விட்டாலும் துண்டு வந்து நிற்கும். யார் வைத்தது? அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது. பிழையே விடாத ஆள் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கினேன்... பயத்தில் சோறு இறங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது நின்றது. நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

இன்று இவ்வளவும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தாள்களுக்கு நடுவே மஞ்சள் துண்டு. முதல் தாளில், முதல் வரியின் மேல்.

எந்தச் சொல் பிழை என்று எனக்குத் தெரியும். ஒருமுறை அல்ல, இருமுறை. நகல் பஸ் ஏறிய அன்றே, துண்டை அவன் வைத்த இடத்துக்கே திருப்பி வைத்தேன். முதல்முறை எடுத்தது அவன் வேலையை. இரண்டாம் முறை எடுத்தது அவன் புத்தியை.

இங்கே திருத்தி எழுதிவிட்டேன். துண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.