ராணிக்கு எந்த ஆட்டம்?

ஞாயிறு காலை ஏழரை மணி, ஒன்பது நாய்கள், அவற்றில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யோசித்துவிட்டு வருவது ராணி. மலேசியாவில், லாபு பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய பந்துத் திடலில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, ‘கடிக்குமா?’ நாய் இல்லாதவர் பயத்தில் கேட்பார். நாய் வாங்கப் போகிறவர் ஆசையில் கேட்பார். உங்கள் வீட்டிலும் பெரிய நாய் ஒன்று இருந்தால், நீங்களே இரண்டு விதமாகவும் கேட்டிருப்பீர்கள்.

வேலை தேடி வந்தவள்

ராணி மூன்று வயது ராட்வைலர். கறுப்பு உடம்பு, புருவத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு. வளர்ப்பவர் தேவகி, சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. கணவர் சேகர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் ஒருமுறை திருடன் புகுந்த பிறகு வாங்கிய குட்டி. அதற்குப் பிறகு திருடன் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. இரண்டு தீபாவளியாக அவர்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு கிடையாது. தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டு கேட்டும் திறந்து கிடக்க, இவர்கள் மட்டும் பூட்டிய கேட்டுக்கு மேலே கையை நீட்டிப் பலகாரம் கொடுத்தார்கள்.

சேகர் முடிவு சொல்லிவிட்டார். இந்தத் தீபாவளிக்குள் ஆள் வந்தால் அமைதியாக இருக்க ராணி பழக வேண்டும். இல்லையென்றால் பகாவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் முத்துவிடம் போய்விடுவாள். அங்கே அவளுக்கு ஒரு சங்கிலியும் தகரக் கூரையும் தயார். தேவகி அவளைக் காரிலிருந்து இறக்கும்போதே சொன்னார்: “மாஸ்டர், இவளுக்கு ஏதாச்சும் வேல குடுங்க. சும்மா இருந்தா இவளே ஒரு வேலயத் தேடிக்கிறா.”

குகையின் சொந்தக்காரி

முதலில் தடை தாண்டும் ஓட்டம். லாரி டயர், பிளாஸ்டிக் குழாய், சாய்வுப் பலகை, துணியில் தைத்த நீளமான குகை. சக்தி உள்ள நாய், ஓடினால் களைக்கும், களைத்தால் குரைக்காது என்பது என் கணக்கு. ராணி பலகையில் ஏறினாள், டயரைத் தாண்டினாள், குகைக்குள் புகுந்து வெளியே வந்தாள். வந்தவள் திரும்பி அதன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி அது அவளுடைய வீடு.

அது தெரியாமல் மறுமுனை வழியாக நுழைந்தது அமுதா டீச்சரின் வெள்ளைக் குட்டி நாய். பாதி வழியில் எதிரே அந்த முகத்தைப் பார்த்ததும் அங்கேயே படுத்துக்கொண்டது. தேவகி கயிற்றைப் பிடித்துக் கூப்பிட்டார். நான் கோழித் துண்டைக் காட்டினேன். ராணி யோசித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “மாஸ்டர், அந்தம்மாகிட்ட பேசி எம்புள்ளைக்கு ஒரு பெர்மிட் வாங்கிக் குடுங்க.”

கையில் கட்டிய தலையணை

அடுத்த வாரம் சேகரே வந்தார். தடித்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் ஓடுவதும், நாய் பாய்ந்து அந்த உறையைக் கவ்வுவதுமான ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். “இதுதான் மாஸ்டர் இவளுக்கு! இதுக்குன்னே பொறந்தவ!” என்றார். அந்த ஆட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நிதானமான நாய்க்கு, கைதேர்ந்த ஆளோடு, அது நல்ல விளையாட்டு. சொன்னவுடன் விடத் தெரிந்த நாய்தான் அதில் ஜெயிக்கும். ராணிக்கோ தபால்காரரும் திருடன், மீட்டர் பார்க்க வருபவரும் திருடன்.

இதையெல்லாம் நான் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேகர் கேட்பதாக இல்லை. தேவகி ஒரே வரியில் முடித்தார்: “ஏங்க, வர்றவங்கல்லாம் கையில தலகாணி கட்டிக்கிட்டா நம்ம வீட்ல முறுக்கு திம்பாங்க?”

குலை வண்டி

இந்த இனத்தின் முன்னோர் ஐரோப்பாவில் கசாப்புக்காரர்களின் வண்டி இழுத்தவை. அதனால் மூன்றாவதாக வண்டி இழுக்க வைத்தேன். எண்ணெய்க்காக வெட்டும் செம்பனைக் குலைகளை ஏற்றும் கைவண்டி ஒன்றில் மார்ப்பட்டை கட்டினோம். அழகாக இழுத்தாள். எதிரே யாராவது வந்தால்தான் சிக்கல். வண்டியோடு திரும்பி, தேவகிக்கும் வருபவருக்கும் நடுவே நின்றாள். திரும்பிய வேகத்தில் வண்டி தேவகியின் காலைத் தட்டிவிட்டுக் கவிழ்ந்தது. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மண்டோர் பெருமாள் ஞாயிறு தவறாமல் திடலோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். இறங்கி வந்து வண்டியை நிமிர்த்தினார். “நல்லாதான் இழுக்குதுலா. பிரேக்குதான் இல்ல.”

மண்டோர் நடந்த வழி

மிச்சம் இருந்தது தடம் பிடிக்கும் ஆட்டம். ஒருவர் முன்னால் நடந்து போய் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, நீளக் கயிற்றில் நாய் அவர் வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். அவரைத் தொடாமல் முன்னால் படுத்தால் கோழிக்கறி கிடைக்கும். இதில் நாய் முன்னால் போகிறது, மனிதர் பின்னால் போகிறார். எதிரே யாரும் வருவதில்லை. முக்கியமாக, முன்பின் தெரியாத ஆள் என்றால் தடுக்க வேண்டியவர் இல்லை, தேடிப் போக வேண்டியவர்.

செம்பனை நிரைகளுக்குள் நடந்துபோய் உட்கார யாரைக் கூப்பிடுவது? பெருமாளைக் கூப்பிட்டேன். இந்த நிரையில் நேராகப் போங்கள், கடைசி மரத்தடியில் உட்காருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பத்து மரம் தள்ளி ராணி நிரையை விட்டு விலகினாள். ஒரு மரத்தைச் சுற்றினாள், பக்கத்து நிரைக்குப் போனாள், திரும்பினாள், இன்னொரு மரத்தைச் சுற்றினாள். “தப்பு, இழுங்க!” என்று பின்னாலிருந்து கத்தினேன். தேவகி இழுத்தார். ராணி நாலு காலையும் ஊன்றிக்கொண்டாள். இத்தனை வாரமாக நான் உடைக்கப் பார்த்த அதே பிடிவாதம். “மாஸ்டர், இன்னிக்கி இவ யோசிக்கவே இல்ல, பாருங்க” என்று தேவகி கயிற்றைத் தளர்த்தினார்.

மரம் மரமாகச் சுற்றி, கடைசியில் மூன்று நிரை தள்ளி ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனாள். அங்கே பெருமாள் உட்கார்ந்திருந்தார், குலைகளிலிருந்து உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கிய மடிநிறைய உதிரிப் பழத்தோடு. ராணி அவர் முழங்காலை முகர்ந்தாள். பிறகு ராணி அவர் முன்னால் படுத்தாள். நேராகத்தானே போகச் சொன்னேன் என்றேன். முப்பது வருடம் குலை வெட்டை மேற்பார்வையிட்ட மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது: “அது எப்படிலா? கீழ பூரா உதிரி கெடக்குது, பாத்துக்கிட்டே சும்மா நடன்னா?”

சங்கிலியோடு வந்தவர்

அதன் பிறகு வாரம் ஓர் ஆள் மரத்தடியில் உட்கார்ந்தார். அமுதா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ராணி சாதுவாகிவிட்டாள் என்று எழுதினால் பொய். தபால்காரர் விஷயத்தில் அவள் கருத்து மாறவில்லை. தீபாவளி அன்று நானும் தேவகி வீட்டுக்குப் போய், சமையலறை வாசலில் குட்டைக் கதவு போட்டு அவளை உள்ளே இருத்தினோம். வந்தவர்கள் அளவாக வந்தார்கள். ராணி தலையைத் தூக்கிப் பார்த்தாள், படுத்துக்கொண்டாள்.

மதியம் பகாவிலிருந்து முத்து வந்தார். சேகர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் லாரியில் சங்கிலியும் வந்திருந்தது. தேவகி முறுக்குத் தட்டோடு சமையலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். நாயைப் பார்க்க வேண்டும் என்றார் முத்து. வாசலில் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, கயிற்றில் ராணியைக் கொண்டுவந்தேன். காலில் போட்ட சப்பாத்திலிருந்து இடுப்பு வரை நிதானமாக முகர்ந்தாள். பிறகு அவர் காலடியில் படுத்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்து கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒரு உறுமல்கூட வரவில்லை. ஏமாற்றத்தோடு தம்பியிடம் திரும்பினார்: “டேய், இதக் கொண்டுபோயி நான் என்னடா பண்றது? திருடன் வந்தா அவன்கிட்ட கோழிக்கறி கேக்கும்போல இருக்கு!”

ராணிக்குச் சரியான ஆட்டத்தை மாஸ்டர்தான் தேர்ந்தெடுத்தார் என்று தேவகி எல்லாரிடமும் சொல்கிறார். இந்தத் தொழிலில் இப்படிப்பட்ட பாராட்டை மறுக்கும் வழக்கம் இல்லை.

தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு சிரம்பானில் நடந்த தடம் பிடிக்கும் போட்டியில் ஏழு நாய்கள் கலந்துகொண்டன. ராணி நான்காவது வந்தாள்.