தூள் டின் இல்லாத சனிக்கிழமை

சட்டியிலிருந்து ஆட்டிறைச்சித் துண்டொன்றைத் தட்டில் எடுத்துவைத்து, சந்திரவதனா இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்கிறாள். கரண்டியில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பதினொரு வருடமாக விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் துழாவுவது அவள் வேலை. உடுப்புக்குள் சுருட்டி வைத்த ஜாம் போத்தலைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். சமையலறையிலும் அதே மாதிரி நீலக் கையுறை, அதே சந்தேக முகம். "இன்னும் விட்டுக்குடுக்கேல்லை" என்று இறைச்சியிடமே சொல்லிவிட்டு மறுபடி மூடுகிறாள்.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் அந்த வீட்டில் இந்தச் சமையலுக்கு இது மூன்றாவது சனிக்கிழமை. காரணம் மரினா. ஒரே ஷிப்டில் பக்கத்தில் நிற்கும் மெக்சிக்கோக்காரி. அவள் வாடகை அறையில் மைக்ரோவேவ் மட்டும்தான். தங்கள் ஊர்க் கொண்டாட்டங்களில் வைக்கும் பிர்ரியாவைச் சாப்பிட்டு நாலு வருடமாகிறது என்று தேநீர் நேரத்தில் சொல்லியிருக்கிறாள். மிளகாய்க் குழம்பில் மணிக்கணக்காக அவிய வைத்து, நார்நாராக உதிர்த்து, சோள ரொட்டியோடு தின்னும் இறைச்சியாம். சந்திரவதனா யோசிக்கவே இல்லை, வாக்குக் கொடுத்துவிட்டாள். "இறைச்சியும் மிளகாயும்தானே? எங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையோ?"

பஸ் ஓட்டும் கணவர் றஜீவ்தான் திடுக்கிட்டார். "பிரியாவோ? ஆரப்பா அது?"

மரினா தந்த காய்ந்த மிளகாய்கள் ஒரு சாண் நீளம், தோல் பை மாதிரி வழவழப்பு. முதல் சனிக்கிழமை அவற்றை வறுத்து, ஊறவைத்து, தக்காளி, உள்ளி, கறுவா, வினாகிரியோடு அரைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். "உறைப்பே இல்லை. பேருக்குத்தான் மிளகாய்!" யாழ்ப்பாணக் கறித்தூளில் மூன்று கரண்டி விழுந்தது. மரினா மூக்கைத் துடைத்துத் துடைத்து மரியாதையாகச் சாப்பிட்டாள். போகும்போது, "வெரி குட் கறி, சந்திரா" என்றாள்.

அந்தக் 'கறி'தான் குத்தியது. "கறி எண்டிட்டாளப்பா!" என்று கிழமை முழுக்கப் புலம்பினாள். மரினா உறைப்புக்கென்று தனியாகத் தந்திருந்த சின்ன மிளகாய்ப் பொட்டலம் அலமாரியில் அப்படியே கிடந்ததை அப்புறம்தான் கண்டாள். உலகத்துப் பைகளையெல்லாம் திறக்கிறவள் அதைத் திறக்கவில்லை. இரண்டாம் சனிக்கிழமை அதைப் போட்டாள். கை பழக்கத்தில் தூளையும் போட்டது. அந்தச் சட்டியை றஜீவ் நாலு நாள் சோற்றோடு தின்று தீர்த்தார்.

இன்று காலை தூள் டின்னை அவருடைய காரில் வைத்து டிப்போவுக்கு அனுப்பிவிட்டாள். "நான் கேட்டாலும் தராதேங்கோ." பதினொரு மணிக்கு அவளே போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு மரினா சீருடையோடு வருகிறாள். ரொட்டியைத் தோய்த்து ஒரு வாய் வைக்கிறாள். இரண்டாவது வாய். சந்திரவதனா கையுறையோடு அருகிலேயே நிற்கிறாள். மரினா கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குழம்பைக் குடிக்கிறாள். பிறகு தன் வீட்டில் கேட்பதுபோல, "தேசிக்காய் எங்கே?" என்கிறாள்.

சந்திரவதனா ஒன்றை வெட்டி அந்தக் கிண்ணத்திலேயே பிழிகிறாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்து அருகே உட்காருகிறாள். மரினாவின் கையிலிருக்கும் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, அவளுடைய கிண்ணத்திலேயே தோய்த்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.