கஞ்சியாய்ப் போன இரண்டு மூட்டை மாவு

என் அண்ணன் தர்மதாஸைப் போலப் பிழைக்கத் தெரியாத மனிதரை நான் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவள் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முசரவாக்கத்து நிலத்தைப் பெரியண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் ரேஷன் கடை எடுத்தார். கல்யாணம் கூடச் செய்துகொள்ளவில்லை. புருஷனை இழந்து வந்த நான் அவருக்குச் சமைத்துப் போட்டேன். நூற்று எண்பது கார்டுகள். எந்தக் கார்டில் எத்தனை வயிறு என்று அவருக்கு மனப்பாடம்.

அறுபத்தாறில் அரிசி கண்ணில் படாமல் போனது. கப்பலில் வந்த கோதுமை மாவைத்தான் கடையில் போட்டார்கள். அதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு என்று அண்ணன் பேப்பர் படித்துச் சொல்வார். மலிவாக வருகிற அந்த மாவைச் சாப்பிட மட்டும்தான் வேண்டும். எந்த ரூபத்திலும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால், கோதுமையைக் காசுக்கு விற்கிற மற்ற நாடுகளின் வியாபாரம் கெட்டுவிடுமாம். நம் நாடு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க, பல தேசத்து ஆட்கள் சேர்ந்த குழு ஒன்று எங்கோ உட்கார்ந்திருந்தது.

“குடுக்கிறவங்க கேக்கத்தானே செய்வாங்க” என்பார் அண்ணன். நான் சப்பாத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த ஐப்பசியில் நனைந்து வந்த இரண்டு மூட்டை மாவில் புழு வைத்துவிட்டது. மற்ற கடைக்காரராக இருந்தால் நல்ல மாவோடு கலந்து தள்ளியிருப்பார். நாங்கள் ஜைனர்கள், உயிர் இருக்கிறதை இன்னொருத்தர் சாப்பிடக் கொடுக்க அண்ணனுக்கு மனம் வராது. மேலே எழுதிப் போட்டார். கெட்ட மூட்டையை அதிகாரி வந்து பார்த்துத்தான் கழிக்க வேண்டும். மூன்று முறை எழுதியும் யாரும் வரவில்லை.

“குழி தோண்டிப் புதைச்சிடுண்ணா” என்றேன்.

“அத்தனை உயிரையுமா?” என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து சல்லடையில் சலித்தார். புழுக்களைச் சருகில் அள்ளி வேப்பமரத்தடியில் விட்டார். மிஞ்சிய மாவு நாறியது, வாயில் வைக்க முடியாது. எதிர்வீட்டுத் துரைக்கண்ணு பாவுக்குக் கஞ்சி போட அரிசி கிடைக்காமல் தறியை நிறுத்திவைத்திருந்தார். பட்டு இழையைப் பாவாக நீட்டிக் கட்டிக் கஞ்சி ஏற்றாமல் தறியில் மாட்ட முடியாது. அண்ணன் மாவைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

மறுவாரம் காலையில் தெருவில் கார் ஒன்று வந்தது. தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்ததால் கார் நின்றுவிட்டது. கப்பல் மாவு எப்படிச் செலவாகிறது என்று பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரும், கூட வந்த மெட்ராஸ் அதிகாரி ஒருவரும் இறங்கினார்கள். துரைக்கண்ணுவும் அவர் மனைவி அலமுவும் இழைக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்து அச்சடித்த மாவுச் சாக்கு கிடந்தது. வெள்ளைக்காரர் குனிந்து பார்த்தார். என்னவென்று மெட்ராஸ்காரர் விசாரித்தார்.

“அண்ணன் கடை மாவுதாங்க. இதை வச்சித்தான் நெய்துக்கினு இருக்கிறோம்.”

“சேலையெல்லாம் எங்கே போகும்?”

“லண்டன், சிங்கப்பூருன்னு எல்லா தேசத்துக்கும் போவுதுங்க” என்றார் துரைக்கண்ணு.

அவர் நெய்த சேலை காந்தி ரோடு ஜவுளிக்கடையைத் தாண்டி எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. வந்த விருந்தாளியிடம் ஊர்ப் பட்டைப் பெருமையாகச் சொல்வது இங்கே மரியாதை. வெள்ளைக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

கடைக்கு வந்தார்கள். அண்ணன் புழு, சல்லடை, மூன்று கடிதம் எல்லாவற்றையும் சொன்னார். மெட்ராஸ்காரர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, “மாவு என் கடையோடது இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இதோட முடிஞ்சிடும்” என்றார்.

“என் கடையோடதுதாங்களே” என்றார் அண்ணன்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெட்ராஸ்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் என்ன செய்வேன்?

பதினைந்தாம் நாள் உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை கடை தற்காலிகமாக நிறுத்தம். நூற்று எண்பது கார்டுகளையும் இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்கு மாற்றினார்கள்.

அண்ணன் செங்கல்பட்டுக்குப் போனார், மெட்ராஸுக்குப் போனார். டெல்லியைக் கேட்க வேண்டும் என்றார்கள். டெல்லிக்கு எழுதினால், வெளிநாட்டுக் குழு முடிவு சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. அந்தக் குழுவுக்கு எந்த முகவரிக்கு எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

துரைக்கண்ணு வந்து அழுதார். “என் வாய்தாண்ணே கெடுத்துடுச்சு. சேலை எங்கியும் போவலைன்னு எழுதிக் குடுக்கிறேன்.”

கைநாட்டு வைத்துக் கொடுத்தார். அதையும் அனுப்பினோம். பதிலே இல்லை. அண்ணன் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடிக்கிற வேலைக்குப் போனார். விசாரணை முடிந்ததும் கடை திரும்பிவிடும் என்று தராசை மட்டும் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டதால் நான்தான் படித்தேன். நாலே வரி. சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டபடியால் விசாரணையைத் தொடர அவசியமில்லை, கோப்பு மூடப்படுகிறது.

“நான் தப்பு பண்ணேன்னு போட்டிருக்குதா?”

“இல்லண்ணா.”

“பண்ணலைன்னு?”

“அதுவும் இல்ல.”

“கடை?”

“கடையைப் பத்தி ஒண்ணுமே இல்ல.”

விசாரணை முடிந்தால்தானே கடை திரும்பும். அது முடியவில்லை, நின்றுபோய்விட்டது. எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போடவேண்டும் போலிருந்தது.

“திருப்பிப் படிம்மா, ஏதாவது வரியை விட்டிருப்பே” என்றார்.

திருப்பிப் படித்தேன். அதே நாலு வரிதான்.

காகிதத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, “இன்னைக்கு சர்க்கரை போடறாங்களாம், கார்டை எடு” என்றார். இரண்டு தெரு தள்ளி அந்தக் கடையில் வரிசை நீண்டிருந்தது. முன்னால் நின்ற அலமு அண்ணனைப் பார்த்துவிட்டு, “நீங்க முன்னாடி வாங்கண்ணா” என்று வழி விட்டாள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார். நான் பையை வைத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றேன்.