கணக்கில் வராத கறுப்பு மாடு

தங்கை படித்து முடித்ததும் எங்கள் மலைக்கே மாட்டு டாக்டராக வருவாள் என்று வீட்டில் நம்பியிருந்தோம். படிக்க வைக்கிற அரசாங்கம் ஊரையும் பார்த்துத்தான் கொடுக்கும் என்பது அம்மாவின் எண்ணம். அப்பா இறந்த பின், கொழுந்து பறித்தும் மாடு வளர்த்தும் எங்கள் இருவரையும் ஆளாக்கியவள் அவள். ராகலை பஸ்ஸிலிருந்து இறங்கி மேலேற வேண்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாட்டுக்கு நோய் கண்டால், வைத்தியர் டவுனிலிருந்து வர வேண்டும். பல மிருக வைத்தியப் பிரிவுகளுக்கும் அவர் ஒருவரே. அவர் வந்து சேரும்போது மாடு தானே எழுந்து நிற்கும். அல்லது புதைத்து முடித்திருப்போம்.

தங்கைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைக் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு அத்தை வாசலுக்கு வந்தார்.

“ஏன் மதினி, இத்தன வருசம் படிச்சு மாட்டுக்குத்தான் டாக்டரா? மனுசனுக்கு எடம் இல்லையாமா?”

“நீ படுத்தாலும் அவளத்தான் கூப்புடுவோம். பயப்படாத,” என்றாள் அம்மா.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில் தங்கை வந்திருந்தபோது எங்கள் செவலை மாடு கன்று போட முடியாமல் தவித்தது. அவள் தோள்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டு பட்டியில் மண்டியிட்டாள். கன்றின் மடங்கிய முன்காலை நேராக்கி, வெளியே எடுத்து, மூக்கை வைக்கோலால் துடைத்தாள். கறுப்புக் கிடாரி. கையைக் கழுவும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: “இங்கயே போஸ்டிங் கெடச்சா போதும் அக்கா. வேற ஒண்ணும் வேணாம்.”

அவள் பட்டம் பெற்று நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் நான் நுவரெலியாவில் அரச அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தேன். வரும் ஆண்டுகளில் நாட்டுக்கு எத்தனை மிருக வைத்தியர்கள் தேவை, அவர்களை எங்கெங்கே அமர்த்துவது என்று ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் படித்து வருகிறார்கள், எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள், எத்தனை பேர் கடல் கடந்து போகிறார்கள் என்பதற்கெல்லாம் தனித்தனி நிரல்கள். சிறிய தீவு, ஒருவர் போனாலும் எங்கோ ஒரு பிரிவு வெறுமையாகிவிடும். எந்தப் பிரிவுக்குப் புதிய பதவி என்பதை அங்குள்ள மாடுகளின் எண்ணிக்கையே தீர்மானிக்கும். தமிழ் தெரிந்தவள் என்பதால் தோட்டங்களில் கணக்கெடுக்க என்னை அனுப்பினார்கள்.

தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ஒன்று. வீட்டுக்கு ஒரு மாடுதான் வைக்கலாம் என்று முன்பு எப்போதோ தோட்டத்தை நிர்வகித்த ஒரு துரை போட்ட சட்டம். அந்தத் துரை போய் எத்தனையோ பேர் மாறியாயிற்று. பயம் மட்டும் மாறவில்லை. கடைசியாக எங்கள் வீட்டு வாசலில் படிவத்தை விரித்தேன். அன்று பிறந்து இப்போது வளர்ந்துவிட்ட எங்கள் கறுப்பு மாடு அத்தை வீட்டுப் பின்புறம் கட்டப்பட்டிருப்பது எனக்குத் தெரியும்.

“எத்தன மாடும்மா?”

“ஒண்ணு.”

“அம்மா, நான்தான் கேக்குறேன்.”

“யாரு கேட்டாலும் ஒண்ணுதான். இந்தப் பேப்பர் தொரை கைக்குப் போகாதுன்னு நீ சத்தியம் பண்ணுவியா?”

அந்த நேரம் பார்த்துப் பின்புறத்தில் கறுப்பு மாடு கத்தியது.

“அது யாரு?” என்றேன்.

“விருந்தாளி,” என்றார் தம் வாசலில் நின்றிருந்த அத்தை. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்தபடியே நான் ‘1’ என்று எழுதினேன்.

சில மாதங்களில் வரைவுத் திட்டம் வந்தது. எங்கள் பகுதிக்குப் புதிய பதவி இல்லை. மாடுகள் போதாது என்று குறிப்பிட்டிருந்தார்கள். கூட்டத்தில் எழுந்து, கணக்கு பிழை, அதை எழுதியவள் நானே என்றேன். தலைமை தாங்கிய சிங்கள அதிகாரி கடிந்துகொள்ளவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் திருத்திக்கொள்வோம் மகளே என்று தம் மொழியில் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவை என்னால் தாங்க முடியவில்லை.

தங்கைக்கு அனுராதபுரப் பக்கம் நியமனம் கிடைத்தது. சில ஆண்டுகள் அங்கே வேலை செய்தாள். இடமாற்றம் கேட்டுக்கேட்டுச் சலித்தாள். பிறகு நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். கடல் கடந்தோர் நிரலில் ஒரு எண்ணாக அவளும் சேர்ந்தாள்.

நடந்ததை ஒருநாள் தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “கறுப்பிய எழுதியிருந்தா நான் வந்திருப்பேனாக்கா?”

எங்கள் ஒரு மாட்டால் ஒரு பதவி வந்திருக்காது. ஆனால் அன்று ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் ஒரு விருந்தாளி கட்டப்பட்டிருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. “கறுப்பி நல்லா இருக்கா,” என்று மட்டும் சொன்னேன்.

இந்த ஆண்டு மீண்டும் கணக்கெடுப்பு. செவலை மாடு முதிர்ந்து செத்துப்போயிற்று. படிவத்தை நான் எடுக்கும் முன்பே அம்மா சொன்னாள்: “ரெண்டுன்னு எழுது.”

“ஒண்ணுதானம்மா இருக்கு.”

“எழுதேன். மாடு கூடுனாத்தான இங்க டாக்டர் எடம் வரும். அவ திரும்பி வர்ற மாதிரி இருந்தா?”

நான் ‘1’ என்று எழுதினேன். இம்முறை அது பொய்யில்லை. வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். பட்டியில் கறுப்பி இருக்கிறாள்.