இல்லாத இராசமலரின் செத்தவீடு

சென்ற ஆண்டு, சிறுபோக அறுவடை முடிந்து வயல்காரர்கள் கொஞ்சம் ஆறுதலாக இருந்த ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது. இடம், வவுனியா பூவரசங்குளத்தில் எங்கள் வீட்டு முற்றம். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பிறந்தது கிளிநொச்சிப் பக்கம். எங்கள் ஆட்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். கணவரின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர்கள். எங்களுடையது காதல் கலியாணம். இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும், நானும் சிரிப்பேன், அவ்வளவுதான். ஒருவரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை. ஆனாலும் நான் இங்கே வந்த ஆள்தானே தவிர இந்த ஊர் ஆள் இல்லை என்ற எண்ணம் மனதில் ஒட்டிக்கொண்டே இருந்தது. கணவர் லொறி ஓட்டுபவர். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். நான் கோழிகளோடும் தோட்டத்தோடும் போனோடும் காலம் தள்ளினேன்.

அந்தப் போனில்தான் ஒரு குழுவில் சேர்ந்தேன். கற்பனையாக ஒரு ஊர், அதற்குள் ஆளுக்கு ஒரு பாத்திரம். நீங்கள் தபால்காரர் என்றால் தபால்காரராகவே எழுத வேண்டும். இன்னொருவர் தேத்தண்ணிக் கடைக்காரராக உங்களுக்குப் பதில் எழுதுவார். இப்படியே கதை வளரும். கனடாவில் இருந்தும் எழுதுகிறார்கள், மன்னாரில் இருந்தும் எழுதுகிறார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

என் முதல் பாத்திரத்தை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். இருபத்திரண்டு வயதுப் பொலிஸ் அதிகாரி. ஏழு மொழி பேசுவாள், கராத்தே அடிப்பாள், பேரழகி, குதிரை ஓடுவாள். பூவரசங்குளத்தில் குதிரையை எங்கே கண்டாய் என்று கேட்காதீர்கள். இவ்வளவு திறமையோடு வந்திறங்கியவளை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர்கூட அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. குழுவை நடத்தும் அக்கா யாழ்ப்பாணத்தில் இருப்பவர். அவர் எனக்குத் தனியாகக் குரல்பதிவு ஒன்று அனுப்பினார்.

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இவா எல்லாத்தையும் தானே செய்து முடிச்சிடுவா. அப்ப நாங்கள் இவாவோட என்னத்தைக் கதைக்கிறது?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த அக்கா ஒரு வழியும் சொல்லித் தந்தார். எங்கள் ஆட்களுக்கு அத்துப்படியான வழி. புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்கும்போது, அந்த ஆள் செத்துப்போனதாக நினைத்து முதலில் மரண அறிவித்தலை எழுத வேண்டுமாம். பிறந்த இடம், வதிவிடம், யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருக்கு மச்சாள் என்று முழுவதும் எழுத வேண்டும். அடுத்ததாக, செத்தவீட்டுப் பந்தலுக்குள் இருக்கிற சனம் அந்த ஆளைப் பற்றிக் காதோடு காதாக என்ன கதைக்கும் என்று யோசிக்க வேண்டும். சொந்தமும் குறையும் இருந்தால்தான் ஆள் ஆளாகத் தெரியும் என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை அப்படிப் பிறந்தவள்தான் இராசமலர். ஐம்பது தாண்டியவள். வடைக்கு உப்பை அள்ளிப் போடுவாள், சொன்னால் மூஞ்சையை நீட்டுவாள். பஸ்ஸில் யன்னல் கரைக்குச் சண்டை பிடிப்பாள். ஆனால் ஒருவருக்கு வருத்தம், காய்ச்சல் என்றால் கேட்காமலே கஞ்சியோடு வந்து நிற்பாள். அறிவித்தலில் மச்சாள்மார், பெறாமக்கள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு ஒன்று என்றால் இந்த வாசற்படலைக்கு யார் வருவார்கள்? பிறகு எனக்கு இங்கே இல்லாத சொந்தங்களை எல்லாம் இராசமலருக்குத் தாராளமாகக் கொடுத்தேன்.

எழுதி முடித்ததும் வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரூற்றைப் பிறப்பிடமாகவும் பூவரசங்குளத்தை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இராசமலர் இன்று காலமானார் என்று தொடங்கி, தகவல் குடும்பத்தினர் என்று முடித்து, குழுவுக்கு அனுப்பிவிட்டுப் போனைச் சார்ஜில் போட்டேன். பயற்றங்காய் ஆயப் பின்வளவுக்குப் போனேன். அனுப்பியது எந்தக் குழுவுக்கு என்றுதான் பார்க்கவில்லை. எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்துக்கும் போனில் ஒரு குழு இருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் அதில் ஒரு வரி போட்டால் போதும், சங்கத்தின் கதிரையும் நிழலுக்குக் கட்டும் தரப்பாளும் செய்தி போட்டவர் வீடு தேடி வரும். கணவர் எப்போதோ என்னை அதில் சேர்த்துவிட்டிருந்தார். என் கை போய் அமத்தியது அதை.

பாட்டுப் பாடிக்கொண்டு காய் ஆய்ந்து முடித்து, கூடையும் கையுமாக முன்பக்கம் வந்தால், படலையில் உழவு இயந்திரம் நிற்கிறது. பெட்டி நிறையக் கதிரைகள். ஆண்கள் மாமரத்தில் தரப்பாள் கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா பெரிய கேத்தலோடு தேத்தண்ணி கொண்டு வருகிறார். என்னைக் கண்டதும் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்து, “ஐயோ என்ர பிள்ளை” என்று குரலெடுத்து அழத் தொடங்கினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. லொறி! என் மனதில் வந்தது அது ஒன்றுதான். கூடை எங்கே விழுந்தது என்று தெரியாது. “என்ர மனுசன் எங்கை? அவருக்கு என்ன நடந்தது?” என்று கத்தினேன்.

“அவருக்குப் போன் பண்ணியாச்சு பிள்ளை, திரும்பி வந்துகொண்டிருக்கிறார்” என்றார் சங்கத் தலைவர். “இராசமலர் அக்கா மோசம் போயிட்டா எண்டு சொன்னன். ஆர் அது எண்டு கேட்கிறார். பாவம், அதிர்ச்சியில மனுசனுக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோசத்தில் நான் விம்மி விம்மி அழுதேன். அவர்கள் அது இராசமலருக்கான அழுகை என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். அறிவித்தலைச் சங்கத்தின் குழுவுக்கு அனுப்பிவிட்டேன் என்பது அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் பெண்கள் கதிரையில் இருந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் மாமி சொல்வது என் காதில் விழுந்தது. “எனக்குத் தெரியும் அவாவை. போன கிழமை பஸ்ஸால இறங்கி இஞ்சாலதான் வந்தவா. நல்ல மனுசி, சிரிச்சவா.”

ஐயோ கடவுளே! இனியும் பொறுத்தால் வாழை கட்டிப் பந்தலும் போட்டுவிடுவார்கள். இதைச் சொன்னால் இந்த ஊரில் எனக்கு இருந்த அந்தச் சிரிப்பும் போய்விடும் என்று தெரிந்தது. கலியாணம் கட்டி வந்தவள் ஊரைக் கூட்டி வைத்துப் பகிடி பண்ணினாள் என்று சாகும்வரை சொல்வார்கள். என்றாலும் சொல்லத்தானே வேண்டும். தலைவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, அப்பிடி ஒரு ஆள் இல்லை.”

“இல்லைத்தானே பிள்ளை, போயிட்டா. மனதைத் தேற்றிக்கொள்ளு.”

“இல்லை ஐயா. எப்பவுமே இல்லை. நான் எழுதின ஆள்.”

தரப்பாள் கட்டியவர்கள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். நான் அழுகையோடு அழுகையாகப் போனையும் குழுவையும் விளையாட்டையும் விளங்கப்படுத்தினேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தலைவரின் முகம் கறுத்துவிட்டது. “சாவு விசயத்திலயே பிள்ளை விளையாடுறது? சனம் வேலை வெட்டியை விட்டிட்டு வந்து நிக்குது” என்றார். அவர் சொன்னதில் என்ன பிழை? நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்போது கடை மாமி மெல்லக் கேட்டார். “அப்ப போன கிழமை நான் கண்டது ஆரடி?”

முதலில் சிரித்தது பக்கத்து வீட்டு அக்காதான். அவருக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர் என்று முற்றமே சிரித்தது. தலைவரும் எவ்வளவு நேரம்தான் முகத்தை அப்படி வைத்திருப்பார்? துவாயால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

“ஒருத்தரும் சாகேல்லை எண்டால் சந்தோசம்தானே. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ” என்று அக்கா கேத்தலைத் தூக்கினார். கொண்டு வந்த கதிரையில் எல்லோரும் வசதியாக இருந்துகொண்டார்கள். யாரந்த இராசமலர், சொல்லு பார்ப்போம் என்றார்கள். சொன்னேன். உப்பு வடையையும் யன்னல் கரையையும் கேட்டதும் ஆளுக்கு ஆள் குறுக்கே விழுந்து திருத்தம் சொன்னார்கள். தண்ணீரூற்றில் பிறந்தவள் என்றால் மீன் விலைக்குப் பேரம் பேசாமல் இருக்கமாட்டாளாம். மச்சாளோடு கோபம் இருந்தாலும் அவளுடைய பிள்ளைகளுக்கு ஒளித்துப் பலகாரம் கொடுப்பாளாம். கதைக் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்தாலும் இவ்வளவு யோசித்திருக்கமாட்டோம். கணவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது இராசமலரின் கடைசி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நின்று, சிந்திக் கிடந்த பயற்றங்காய்களைப் பொறுக்கித் தந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. “அக்கா, இராசமலர் எண்டு ஒரு ஆளை ஒருத்தரும் கேள்விப்படேல்லை. பிறகேன் விசாரிக்காமல் வந்தனீங்கள்?” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நல்ல கேள்வி. நாங்கள் இராசமலருக்கோ வந்தனாங்கள்? உன்ர போனில இருந்து துக்கச் செய்தி வந்தது. உனக்கெல்லோ வந்தனாங்கள்.”

சொல்லிவிட்டுக் கேத்தலைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் அன்றைக்கு மூன்றாவது தடவையாக அழுதேன்.

இராசமலர் இப்போதும் குழுவில் எல்லோருக்கும் செல்லம். அவள் ஒரு நாள் வராவிட்டால் கனடாக்காரர் தேடுகிறார். கடைக்குப் போனால் மாமியும் “எப்பிடி உன்ர மனுசி, சுகமா இருக்கிறாவோ?” என்று கேட்கத் தவறுவதில்லை. யார் அழுவார்கள் என்று தெரிந்தால்தான் ஒரு பாத்திரத்துக்கு உயிர் வரும் என்பதை அந்த யாழ்ப்பாணத்து அக்கா எனக்குச் சொல்லித் தந்தார். எனக்காக அழுவதற்கு என் ஊரே இருக்கிறது என்று, நான் சாகாமலேயே கண்ணால் பார்த்துவிட்டேன். அதன் பிறகு இந்த ஊருக்கு வந்தவள் என்று நான் என்னைச் சொல்லிக்கொண்டதே இல்லை.