நாற்காலி முதுகில் ஒரு மேடு

தச்சுப் பட்டறையைக் காலையில் பெருக்குவது அச்சக்காவின் வேலை. கல்யாணமாகி வந்த மறுவாரம் கையில் எடுத்த துடைப்பம். இருபத்தெட்டு வருஷமாக வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. குப்பையைப் பார்த்தே முந்தின நாள் என்ன வேலை நடந்தது என்று சொல்லிவிடுவாள். மரத்தின் விளிம்பைச் சீவும் ரவுட்டர் மெஷின் ஓடிய இடத்தில் சீவல் கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்தில் மாவு மாதிரி பொடி கிடக்கும்.

அன்றைக்கு ரவுட்டர் மேசைக்குப் பின்னால், சட்டங்கள் சாத்தியிருந்த மூலையில், பொடி ஒரு கை அள்ளும் அளவுக்குக் கிடந்தது. அங்கே யாரும் தேய்க்கிற வழக்கமில்லை. தேய்க்க அவசியமும் இல்லை.

அவசியமில்லாமல் போனதற்குக் காரணமே அவள்தான். நாற்காலி முதுகோ கட்டில் தலைமாடோ, வளைவை முதலில் பிளைவுட்டில் வரைந்து, அறுத்து, அரம் போட்டு அச்சுப் பலகை செய்வது அவள். அதை மரத்தின் மேல் ஒட்டி ரவுட்டரை ஓட்டுவது கணவர். ரவுட்டரின் முனையில் மாட்டிய குட்டி பேரிங் அச்சின் விளிம்பைத் தொட்டபடியே உருளும். கூடவே சுற்றும் அலகு மரத்தை அதே வடிவில் சீவிக்கொண்டு போகும். அச்சு வழுவழுவென்று இருந்தால் மரமும் அப்படியே வரும். அச்சில் மேடு இருந்தால் அதையும் விடாமல் மரத்தில் கொண்டுவந்து வைக்கும். பேரிங்குக்கு முகதாட்சண்யம் கிடையாது. "அவ அச்சு போட்டா உப்புத்தாளுக்கே வேலையில்ல" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துத்தான் அவளுக்கு இந்தப் பேரே வந்தது.

துடைப்பத்தைச் சாத்திவிட்டு, மேசை மேல் இருந்த நாற்காலி முதுகின் அச்சை எடுத்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டை விரலை விளிம்போடு ஓட்டினாள். வளைவு உள்ளிருந்து வெளியே திரும்புகிற இடத்தில் விரல் இடறியது. முடித்து அடுக்கியிருந்த ஆறு முதுகுகளையும் புரட்டினாள். ஆறிலும் அந்த இடம் மட்டும் வெளுத்து, கையால் தேய்த்திருந்தது.

கணவர் டீ டம்ளரோடு உள்ளே வந்தார்.

"என்னங்க இது?"

"மரம் சரியா காயல. அதான் லேசா தேய்ச்சேன்."

"ஆறு மரமும் பேசி வச்சுக்கிட்டு ஒரே இடத்துல காயலயா?"

ஜன்னலோரம் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த அவள் தம்பி களுக்கென்று சிரித்தான். "மாமா, மாட்டிக்கிட்டீங்க."

"உன் வேலையைப் பாரு மாப்ள."

"எத்தனை நாளா நடக்குது?" என்றாள் அச்சக்கா.

"மூணு மாசம் இருக்கும். பொடியை அன்னன்னைக்கு நானே அள்ளிடுவேன், நேத்து மறந்துட்டேன்." அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோடு ரெண்டா தெரியுதுன்னு நீதானே ஒருநாள் சொன்ன? கண்ணாடி போடுன்னா எரிஞ்சு விழற. அடுத்து தொட்டில் ஆர்டர். ஆடற தொட்டில். அடியில ரெண்டு வளைவும் இம்மி பிசகாம ஒத்துப் போகணும், தேய்ச்சு சமாளிக்க முடியாது. அதோட அச்சை உன் தம்பியே வெட்டட்டும்னு பாத்தேன்."

தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தான்.

அச்சக்கா அரத்தை எடுத்தாள். அச்சை வைஸ் இடுக்கியில் இறுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அரத்தால் இரண்டு இழுப்பு, கட்டை விரலால் ஒரு தடவல். மறுபடி ஒரு இழுப்பு, ஒரு தடவல். கால் மணி நேரம் கழித்துக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"ஓட்டுங்க."

புதுச் சட்டத்தில் ஒட்டி ஓட்டினார். வளைவு திரும்பும் இடத்திலும் மெஷின் சத்தம் மாறவில்லை. மரத்தைத் திருப்பி விரலால் இரண்டு தடவை நீவினார். பழக்கதோஷத்தில் கை உப்புத்தாளைத் தேடிச் சட்டைப் பைக்குள் போய், சும்மா திரும்பி வந்தது.

"மாப்ள, தொட்டில் பிளைவுட்டை அக்காகிட்டயே குடு."

"நான் எப்பக் கேட்டேன்?" என்று தம்பி எடுத்துக் கொடுத்தான்.

"அது சரி," என்றார் கணவர். "அரம் போட விரல் போதும். கோடு போட? கண்ணாடிக் கடைக்கு எப்பப் போறோம்?"

அந்தக் கேள்வி மட்டும் காதில் விழாத மாதிரி, அச்சக்கா பிளைவுட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.