ஏழாவது ஹோலில் ஒரு வடிவாய்க்கால்

புல்டோசர் இறங்கிய முதல் நாளே வேலை நின்றது. வண்டிக்கு முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்துவிட்டார்.

தாராளமயமாக்கலுக்குப் பிறகு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கமும் ரிசார்ட்டுகள் வரத் தொடங்கிய காலம். மலேசியாவில் கோல்ஃப் மைதானங்களை வடிவமைக்கும் ஹெலன் என்ற ஆர்க்கிடெக்டிடம் பத்து வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்துவிட்டு, என் பெயரில் முதல் மைதானம் வரைய வல்லம் பக்கம் வந்திருந்தேன். ஒன்பது ஹோல்; ஒவ்வொன்றும் பந்தை அடித்துக்கொண்டு போய்க் குழியில் போடும் நீண்ட புல்வெளி. ஏழாவது ஹோலின் நடுவே, மேட்டு மழைநீரை வடிக்கும் ஒரு வடிவாய்க்கால் ஓடியது. பிளானில் அதைக் குழாய் பதித்து மூடியிருந்தேன்.

அந்த அம்மாவின் பெயர் செல்வமேரி. அவர் வயல் கீழே இருந்தது.

"இதை மூடினா எங்க நடவு மூழ்கிடுங்க. ஐப்பசியில வந்து பாருங்க, தெரியும்."

ரிசார்ட் முதலாளி போனில் கத்தினார். "காஞ்சு கெடக்குற வாய்க்கால் சார் அது. மூடுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

முதல் மைதானம் கைவிட்டுப் போனால் இரண்டாவதை யாரும் தரமாட்டார்கள். ஆனால் என் பெற்றோர் திருத்துறைப்பூண்டியில் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். மூழ்கிய பயிர் அழுகும் வாடை எனக்குத் தெரியும். ஹெலனுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த வாய்க்காலோடு கடைசிவரை நடந்து பார்த்தாயா?"

நடக்கவில்லை. மறுநாள் செல்வமேரியோடு நடந்தேன். வாய்க்காலின் உள்சரிவில் நின்ற ஒரு பனைமரத்தில் இடுப்புயரத்தைத் தொட்டுக் காட்டினார். "போன மழைக்கு இதுவரைக்கும் நின்னுச்சுங்க." என் குழாய் அந்தத் தண்ணீருக்குக் காணவே காணாது; மிச்சம் வழிந்து அவர் வயலில்தான் இறங்கும். வெட்கமாக இருந்தது.

பிளானை மாற்றினேன். வாய்க்காலை அகலப்படுத்தித் திறந்தே விட்டேன். பந்தை அதற்கு மேலாக அடித்தால்தான் குழி இருக்கும் புல்தரையான கிரீனுக்குப் போகும்.

"ஆட வர்றவங்க வாய்க்காலத் தாண்டணுமா?" என்றார் முதலாளி.

"தாண்டத்தான் சார் வருவாங்க."

அரைமனதாக விட்டார். ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. கிரீனும் தப்பியது, கீழே நடவும் தப்பியது. முதலாளி குடையோடு வந்து வெகுநேரம் பார்த்தார். "பதினெட்டு ஹோலா ஆக்கிடலாம். மிச்ச ஒன்பதையும் நீங்களே வரைஞ்சிடுங்க" என்றார்.

ஆட வருகிறவர்கள் இன்று முதலில் விசாரிப்பது ஏழாவது ஹோலைத்தான். ஹெலன் அந்த வரைபடத்தை வாங்கித் தன் ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டினார். அவர்களில் இருவர் வரைந்த மைதானங்களைப் பிறகு போய்ப் பார்த்தேன். இரண்டிலும் வாய்க்கால்கள் திறந்தே ஓடின.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் சர்வே எல்லை முடிகிற இடத்தில் தண்ணீர் நிற்பதில்லை. அதற்கப்பால் யார் பயிர் வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து பென்சிலை எடுங்கள்.